வெள்ளிக்கிழமை மூடிய பிழைகள்

மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது பெரிய வித்தையல்ல. கண்டுபிடித்ததைப் பிழைதான் என்று இன்னொருவரை ஒப்புக்கொள்ள வைப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம். கல்யாண வீடுகளில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் "ஐ.டி." என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். டெஸ்டிங் என்று உண்மையைச் சொன்னால், "ஓ, இன்னும் டெவலப்பர் ஆகலையா?" என்று கேட்பார்கள். எனக்கு நாற்பத்தைந்து வயதாகிறது. கேட்பவர்கள் சொந்தக்காரர்கள் என்பதால் கோபப்படவும் முடியாது.

என்னைப் போல இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டு விழிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் அலுவலகத்திலும் ஒரு நாள் யாருக்காவது ஞானோதயம் வந்திருக்கும். நம் கஷ்டத்துக்கெல்லாம் காரணம் பக் டிராக்கர் சரியில்லாததுதான், வேறு ஒன்று வாங்குவோம் என்று சொல்லியிருப்பார். யார் என்ன பிழை கண்டுபிடித்தார், அது இப்போது யார் மேஜையில் தூங்குகிறது என்று பதிந்து வைக்கிற மென்பொருளுக்குத்தான் அந்தப் பெயர். நாங்கள் சுருக்கமாக 'டூல்' என்போம்.

எங்கள் அலுவலகம் ஹைதராபாத்தில், கச்சிபௌலியில். ஹப்சிகுடாவில் மெட்ரோ ஏறி ராயதுர்கத்தில் இறங்கி, அங்கிருந்து கம்பெனி வேனில் நசுங்கிப் போய்ச் சேருவேன். மருந்துக் கம்பெனிகளின் குளிர் அறைகளைக் கண்காணிக்கிற மென்பொருள் செய்கிறோம். அறையில் சூடு ஏறினால் பொறுப்பாளரின் கைப்பேசிக்கு எச்சரிக்கை போகும். அவ்வளவுதான் எங்கள் சரக்கு. அலுவலகத்தில் தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் மூன்றையும் பிசைந்துதான் பேசுவோம். இங்கே எல்லாரையும் தமிழில் பேச வைத்திருக்கிறேன்.

அகர வரிசை

ஆரம்பத்தில் எங்களிடம் டூல் எதுவும் இல்லை. ஒரு எக்செல் தாள்தான். ஒரு பக்கம் பிழை, அதன் எதிரே அதைச் சரிசெய்ய வேண்டியவரின் பெயர். ஒரு நாள் எங்கள் மேனேஜர் ஸ்ரீகாந்த், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று, பெயர்கள் இருந்த வரிசையை மட்டும் அகர வரிசைப்படி அடுக்கிச் சேமித்துவிட்டார். பிழைகள் இருந்த இடத்திலேயே இருந்தன, பெயர்கள் மட்டும் இடம் மாறிவிட்டன. ஒவ்வொருவர் தலையிலும் வேறொருவரின் பிழை வந்து உட்கார்ந்துகொண்டது.

இதில் எனக்கு ஆத்திரம் வந்தது எதற்கென்றால், ஒரு வாரம் வரைக்கும் யாருக்கும் இது தெரியவில்லை. எல்லாரும் தங்கள் பெயருக்கு எதிரே இருந்ததை எடுத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். எங்களிடம் சரவணன் என்று ஒரு டெவலப்பர் இருக்கிறான். கோயம்புத்தூர்ப் பையன், கெட்டிக்காரன். இந்த ஊருக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. அவனைக் கூப்பிட்டு, "சம்பந்தமே இல்லாத பிழை உன் பேரில் வந்திருக்கிறதே, உனக்குச் சந்தேகமே வரவில்லையா?" என்று கேட்டேன். அவன் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னான்:

"எப்பவும் அடுத்தவன் பண்ணின தப்பைத்தானுங்க்கா சரி பண்ணீட்டு இருக்கறோம், இதுல புதுசா என்ன சந்தேகம் வருது?"

மல்லேசம் அண்ணன்

அதற்குப் பிறகு மலிவாக ஒரு டூல் வாங்கினார்கள். பார்க்க லட்சணமாக இருக்காது, மெதுவாகத் திறக்கும். ஆனால் எழுதினது அழியாது. அதில் நான் பதிந்த பிழைகளில் ஒன்றைத்தான் இன்றுவரை மறக்க முடியவில்லை.

ஜீடிமெட்லாவில் ஊசி மருந்து செய்கிற ஒரு கம்பெனி எங்கள் வாடிக்கையாளர். அங்கே குளிர் அறைகளுக்குப் பொறுப்பாளராக இருந்த மல்லேசம் ஓய்வு பெற்று, சித்திபேட்டைப் பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு யாதகிரி வந்தார். மல்லேசத்தின் நம்பரை எடுத்துவிட்டு யாதகிரியின் நம்பரைப் போட்டார்கள். திரையில் யாதகிரியின் நம்பர்தான் தெரிந்தது. எச்சரிக்கை மட்டும் மல்லேசத்துக்கே போய்க்கொண்டிருந்தது. எங்கள் மென்பொருள், எந்த நம்பரைப் போட்டாலும் அதற்கு முன்னால் இருந்த நம்பருக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. யாதகிரியின் நம்பருக்கு அப்புறம் பொய்யாக இன்னொரு நம்பர் போட்டு ஏமாற்றலாமே என்று தோன்றும். மருந்துக் கம்பெனியில் ஒரு நம்பரை மாற்ற வேண்டுமென்றால் தரக்கட்டுப்பாட்டில் வரிசையாகக் கையெழுத்து வாங்க வேண்டும், அதனால் பொய் நம்பருக்கு அங்கே இடமில்லை.

யாதகிரி சொன்னதைக் கேட்டு நேரில் பார்க்கப் போனேன். கரைப்பான் ரசாயன வாடை மூக்கைத் துளைத்தது. எனக்கு அதைத் தாங்க முடியவில்லை, யாதகிரி அந்த வாடைக்கு நடுவிலேயே நின்று எனக்குச் சாய் ஊற்றிக் கொடுத்தார். எச்சரிக்கை வந்தால் மல்லேசம் ஊரிலிருந்து போன் செய்து, "தம்பி, ரெண்டாம் நம்பர் ரூம் சூடாகுது பார்" என்று சொல்வாராம். யாதகிரி ஓடிப்போய்ப் பார்ப்பாராம். இப்படியேதான் ஓடிக்கொண்டிருந்தது. இதைச் சீக்கிரம் சரிசெய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவர் அவசரப்படவில்லை.

"ஹவ் மேடம், சரி, செய்யுங்க, மல்லேசம் அண்ணன் நல்ல மனுஷன், எருமை கறந்துக்கிட்டு இருந்தாலும் கையைத் துடைச்சுட்டு போன் எடுத்துடுவாரு."

எவ்வளவு தீவிரம்

பதியும்போது எவ்வளவு தீவிரம் என்று ஒரு கட்டம் இருக்கும். நான் 'மிகத் தீவிரம்' என்று போட்டேன். மறுநாள் கூட்டம் கூட்டினார் ஸ்ரீகாந்த். மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிற மென்பொருளில் ஒரு வரியை மாற்றினாலும் எல்லாவற்றையும் முதலிலிருந்து சோதித்துக் காகிதம் தயாரிக்க வேண்டும். வேலை மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும், காகித வேலை சங்கராந்தி வரை இழுக்கும் என்றான் சரவணன். ஸ்ரீகாந்த் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரையில் நான் எழுதியிருந்ததைப் படித்தார். மல்லேசம் போன் செய்கிற இடம் வந்ததும் முகம் தெளிந்துவிட்டது.

எங்கள் பாஷையில் 'மாற்று வழி' என்று ஒன்று உண்டு. பிழை இருந்தாலும் எப்படியாவது சமாளிக்க முடிந்தால், அது மிகத் தீவிரம் இல்லை. ஓய்வுபெற்று எருமை மாடு வைத்திருக்கும் ஒரு மனிதரை எங்கள் மென்பொருளின் ஒரு பாகமாகக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். அவருக்குத் தெரியாமல், சம்பளமும் இல்லாமல். நான் எவ்வளவோ வாதாடினேன். ஸ்ரீகாந்த் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'சாதாரணம்' என்று மாற்றினார்.

"அவர் போன் எடுக்கிறார் இல்லையா ஹேமா காரு, அப்புறம் எப்படி இது மிகத் தீவிரம் ஆகும்?"

பிரியாணியுடன் செயல்விளக்கம்

பிறகுதான் அந்த ஞானோதயம் வந்தது. பிழைகள் குவிந்துகிடக்கின்றன, டூலை மாற்ற வேண்டும். ஸ்ரீகாந்த் தலைமையில் ஒரு தேர்வுக் குழு போட்டார்கள். கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர், மனிதவளத்திலிருந்து ஒருவர், டெவலப்பர்கள் சார்பில் சரவணன். மனிதவளம் எதற்கென்றால், டெவலப்பருக்குப் பிழை கூடினால் மதிப்பெண் குறையும், டெஸ்டருக்குப் பிழை கூடினால் மதிப்பெண் கூடும். எங்களை ஜென்ம விரோதிகளாக வைத்திருப்பது அந்தப் பிரிவுதான். டூலை தினமும் எழுந்ததும் முதலில் திறக்கிற எனக்குக் குழுவில் இடமில்லை. கூட்டக் குறிப்பு எழுதுவதும் சாப்பாடு சொல்வதும்தான் எனக்கு ஒதுக்கப்பட்ட பணி.

டூல் விற்பவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவர் எல்லாருக்கும் பிரியாணி வரவழைத்தார், அவருக்கு அன்றைக்கே பாதி வெற்றி. ஸ்ரீகாந்துக்கு ஒரே பக்கத்தில் வண்ண வண்ண வரைபடம் வேண்டும். கணக்குப் பிரிவுக்கு மாதாமாதம் கட்டுகிற வசதி வேண்டும். மனிதவளத்துக்கு யார் பேரில் எத்தனை என்று தெரிய வேண்டும். தன் போனுக்கு எந்தத் தகவலும் வராத டூலாக இருந்தால் போதும் என்று சரவணன் மெதுவாக என்னிடம் சொன்னான். பிரியாணிக்காரர் ஒரு மரியாதைக்கு என் பக்கமும் திரும்பி, "உங்களுக்கு என்ன வேணும் மேடம்?" என்றார். ஒரே ஒரு கட்டம் போதும் என்றேன். இந்தப் பிழையால் யார் கஷ்டப்படுகிறார் என்று எழுத ஒரு கட்டம். அவர் மடிக்கணினியில் அங்கும் இங்கும் தேடிப் பார்த்துவிட்டு, நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

"நல்ல யோசனை மேடம், ஆனா இதுவரைக்கும் எந்தக் கஸ்டமரும் அதைக் கேட்டதில்லை."

கதவு

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. உங்களிடமும் இருக்கலாம், வெளியில் சொல்ல மாட்டீர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அமெரிக்கத் தலைமை அலுவலகத்துக்கு ஒரு வரைபடம் போகும். திறந்த நிலையில் எத்தனை பிழைகள் என்று அதில் தெரியும். அது உயர்ந்தால் சனிக்கிழமை காலை ஸ்ரீகாந்துக்கு போன் வரும். அவருக்குச் சனிக்கிழமை போன் வந்தால் எங்களுக்குத் திங்கட்கிழமை விடியாது. இதனால், யார் சொல்லியும் இல்லை, தானாகவே ஒரு பழக்கம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேன் புறப்படுவதற்கு முன் எல்லாரும் தங்கள் பேரில் இருப்பதையெல்லாம் 'முடிந்தது' என்று மூடிவிடுவோம். திங்கட்கிழமை காலை வந்ததும் திரும்பத் திறந்துகொள்வோம்.

நானும்தான் செய்தேன். யாதகிரியின் பிழையை வாரம் தவறாமல் மூடி, வாரம் தவறாமல் திறந்தேன். அது பழக்கமாகிவிட்டதே என்று எரிச்சலாக இருக்கும். சரவணன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து தன்னுடையதை மளமளவென்று மூடிக்கொண்டிருப்பான். இது பொய்யில்லையா என்று ஒரு தடவை அவனிடம் கேட்டேன்.

"ஊட்டுக்குப் போறப்ப கதவைச் சாத்தறதில்லீங்களா, அப்படி நினைச்சுக்கோங்க்கா."

ஏற்கெனவே சொல்லப்பட்டது

தொழில் வியாதி வீட்டுக்கும் வரும். எங்கள் குடும்பம் பல தலைமுறையாகச் சிகந்தராபாத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டுத் தமிழே ஒரு தினுசாகத்தான் இருக்கும். ஒன்பதாவது படிக்கிற என் மகனுக்கு நான் தமிழில் சொல்வது எல்லாம் புரியும், பதில் மட்டும் தெலுங்கில்தான் வரும். நான் வீட்டில் போனில் பேசுவதைக் கேட்டுக் கேட்டு எங்கள் டூலின் வார்த்தைகள் அவனுக்கு மனப்பாடம். ஒரே பிழையை இரண்டாம் தடவை யாராவது பதிந்தால், டெவலப்பர்கள் 'டூப்ளிகேட்' என்று போட்டு உடனே மூடிவிடுவார்கள். முதல் தடவை சொன்னதைச் செய்தார்களா என்பது வேறு விஷயம்.

ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டிருந்தான். எடுத்துக் காயப் போடு என்று கத்தினேன். போனிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் வந்தது. நேற்றே சொல்லிவிட்டாயே என்று அதற்கு அர்த்தம்.

"டூப்ளிகேட் அம்மா, நின்னனே செப்பாவ் கதா."

பூஜ்யம்

பிரியாணிக்காரரின் டூல்தான் ஜெயித்தது. பழையதிலிருந்து புதியதற்கு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். மூடிய பிழைகளையும் கொண்டுவந்தால் குப்பை சேரும், திறந்திருப்பதை மட்டும் கொண்டுவந்தால் போதும் என்று குழு முடிவு செய்தது. நல்ல முடிவு. வார நாளில் மாற்றினால் வேலை கெடும், அதனால் சனி ஞாயிறில் மாற்றுவது என்றும் முடிவு செய்தது. அதுவும் நல்ல முடிவுதான். இரண்டு நல்ல முடிவையும் சேர்த்துப் பார்க்க அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை. பழைய டூலின் சந்தாவும் அந்த வாரத்தோடு முடிந்தது, குறிப்பு எழுதுகிற எனக்கு அதை யாரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை வந்து புது டூலைத் திறந்தேன். காலியாக இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல எல்லாரும் மூடிவிட்டுப் போயிருந்தோம், சனிக்கிழமை வந்த மென்பொருள் திறந்த பிழை ஏதாவது உண்டா என்று பார்த்துவிட்டு வெறுங்கையோடு போய்விட்டது. பழைய டூலைத் திறந்தால், உங்கள் கணக்கு நீக்கப்பட்டது என்று வந்தது. புது டூலின் வரைபடம் தலைமை அலுவலகத்துக்கு எல்லா நாளும் தெரியும், வெள்ளிக்கிழமை தாண்டியும் அது காலியாகவே இருப்பதைப் பார்த்துவிட்டுப் பாராட்டி மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள். அந்த வாரமே அங்கிருந்து ஒரு பெரியவர் ஹைதராபாத்துக்கு வருவதாகவும் எழுதியிருந்தார்கள். சாப்பாட்டுக்கூடத்தில் கேக் வெட்டினார்கள். ஞாபகத்தில் இருப்பதையெல்லாம் இப்போதே திரும்ப எழுதிவிடலாம் என்று ஸ்ரீகாந்திடம் போய் நின்றேன். அவர் கேக் துண்டை என் கையில் வைத்தார்.

"பெரியவர் வந்துட்டுப் போகட்டும் ஹேமா காரு, அதுவரைக்கும் யாரும் எதையும் பதிய வேண்டாம்."

இடது கண்

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் அது நடந்தது. பெரியவர் பயணத்தைத் தள்ளிப்போட்டிருந்தார், அதனால் நாங்களும் எதையும் பதியாமல் இருந்தோம். மதியம் ஜீடிமெட்லாவில் கரண்ட் போய் வந்திருக்கிறது. இரண்டாம் நம்பர் குளிர் அறையில் கம்ப்ரசர் திரும்பக் கிளம்பவில்லை. சூடு எட்டு டிகிரியைத் தாண்டியது. எங்கள் மென்பொருள் தன் கடமையைச் செய்து மல்லேசத்துக்கு எச்சரிக்கை அனுப்பியது. மல்லேசத்துக்கு இடது கண்ணில் ஆபரேஷன் செய்து புரை எடுத்திருந்தார்கள். வெளிச்சம் ஆகாது என்று மருமகள் அவருடைய போனை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டாள்.

அந்த நேரத்தில் யாதகிரி எங்கே இருந்தார் என்று நினைக்கிறீர்கள்? பக்கத்துக் கட்டடத்தில் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் போனுக்குத் தகவல் வந்திருந்தால் எழுந்து நடந்தே போயிருப்பார். அவர் போய்ப் பார்க்கும்போது அறையில் இருந்த ஊசி மருந்து அத்தனையும் வீணாகிவிட்டது. கம்பெனி அவரை இடைநீக்கம் செய்து விசாரணை வைத்தது. எச்சரிக்கை சரியான நேரத்துக்கு அனுப்பப்பட்டது என்று எங்கள் மென்பொருளில் பதிவாகியிருந்தது, எந்த நம்பருக்கு என்று அதில் இல்லை, திரையில் யாதகிரியின் நம்பர் இருந்தது. வேறு என்ன சாட்சி வேண்டும்? வந்த எச்சரிக்கையைப் பார்த்தும் சோம்பேறித்தனமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று எழுதிவிட்டார்கள். யாதகிரி எனக்கு போன் செய்தார். குரலில் பதற்றம்கூட இல்லை, எங்கள் டூலின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

"நான் உங்ககிட்ட முன்னாடியே சொன்னேன்ல மேடம், அது உங்க கம்ப்யூட்டர்ல இருக்கும்ல, அதை மட்டும் எடுத்துக் குடுத்தா என் வேலை பிழைச்சுடும்."

இல்லாதது நடக்கவில்லை

ஸ்ரீகாந்திடம் போனேன். இந்தத் தடவை நான் கத்தினேன், வெட்கப்படவில்லை. அவர் கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். என்னை ஒரு அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். வக்கீல்கள் சொல்லிவிட்டார்கள், யாரும் எதுவும் எழுதிக் கொடுக்கக் கூடாது என்றார். சரி, பிழையையாவது திருத்துங்கள், சரவணனிடம் கொடுத்தால் மதியத்துக்குள் முடித்துவிடுவான் என்றேன். அதுவும் கூடாதாம். இப்போது திருத்தினால் முன்பு இருந்தது என்று நாமே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடுமாம். அவர் யாதகிரியைப் பார்த்ததில்லை. நான் அவர் கையால் சாய் வாங்கிக் குடித்திருக்கிறேன்.

அப்படியே திரும்பி வந்து, யார் அனுமதியும் கேட்காமல், புது டூலில் அந்தப் பிழையைப் பதிந்தேன். அதில் பதிவான முதல் பிழை அதுதான். பூஜ்யம் கெட்டுவிட்டது. ஸ்ரீகாந்த் வந்து திரையைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"முந்தி சிஸ்டத்துல இல்லாத ஒண்ணு நடந்ததே இல்லைன்னுதான் அர்த்தம் ஹேமா காரு, இப்பப் போட்டா மட்டும் என்ன ஆகும்?"

யாரை நம்புவது

லீவு போட்டுவிட்டு ஜீடிமெட்லாவுக்கு நானே போனேன். வேலை போனாலும் போகட்டும் என்ற வீறாப்பு இருந்தது, உள்ளே பயமும் இருந்தது. வெளியே பெஞ்சில் யாதகிரி இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். விசாரணை அதிகாரி மரியாதையாக உட்காரச் சொன்னார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்: யாதகிரி எப்போது சொன்னார், நான் வந்து பார்த்தது, பதிந்தது, அது எப்படிக் காணாமல் போனது. வெள்ளிக்கிழமை வழக்கத்தைச் சொல்லும்போது என் காதுக்கே அது கட்டுக்கதை போலத்தான் கேட்டது.

மல்லேசத்தைக் கேளுங்கள் என்றேன். கேட்டாகிவிட்டது, அவர் யாதகிரிக்கு வேண்டியவர், அவர் வார்த்தை செல்லாது என்றார். அவருடைய போனையாவது பாருங்கள் என்றேன். கண் ஆறிக் கண்ணாடி போட்ட பிறகு மருமகள் பழைய போனைக் கடையில் கொடுத்துவிட்டு அவருக்குப் புது போன் வாங்கிக் கொடுத்துவிட்டாளாம். அதிகாரி ஒரு காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். எங்கள் கம்பெனி அனுப்பியது. புது டூலின் வரைபடம், ஸ்ரீகாந்த் ஆசைப்பட்ட அத்தனை வண்ணத்திலும். சம்பவம் நடந்த அன்று நிலுவையில் இருந்த பிழைகள் பூஜ்யம் என்று போட்டிருந்தது.

"நீங்க சொல்றதை நம்பணுமா, உங்க கம்பெனி எழுதிக் குடுத்ததை நம்பணுமா, நீங்களே சொல்லுங்க மேடம்."

முதல் பிழை

யாதகிரிக்கு வேலை போய்விட்டது. எனக்குப் போகவில்லை, போயிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்குமோ என்னவோ. அவர் ஜீடிமெட்லாவுக்குப் பக்கத்தில் சிந்தல் என்ற இடத்தில் மச்சினனின் மோட்டார் ரிப்பேர் கடையில் உட்காருகிறார். குளிர் அறைக்குப் புது ஆள் வந்தார். தரக்கட்டுப்பாட்டில் கையெழுத்தெல்லாம் வாங்கி, யாதகிரியின் நம்பரை எடுத்துவிட்டுப் புது ஆளின் நம்பரைப் போட்டார்கள். எங்கள் மென்பொருள் எப்போதும்போல அதற்கு முந்தைய நம்பரைப் பிடித்துக்கொண்டது. வேலையில் இருந்தவரை யாதகிரிக்கு ஒரு எச்சரிக்கைகூட வந்ததில்லை. வேலையைவிட்டு அனுப்பிய பிறகு வர ஆரம்பித்தது.

முதல் எச்சரிக்கை வந்த அன்று அவர் போன் செய்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இதைவிடப் பெரிய சாட்சி எது? அவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை அந்த அதிகாரிக்கு அனுப்பினேன், விடாமல் போனும் செய்தேன். அவர் பார்த்தார், ஐயோ பாவம் என்றுகூடச் சொன்னார். ஆனால் விசாரணை மூடியாகிவிட்டதாம், திறக்க வழியில்லையாம். நாங்கள் மூடுவதெல்லாம் திங்கட்கிழமை திறந்துகொள்ளும். அவர்கள் மூடினால் மூடினதுதான்.

போன வாரம் ஸ்ரீகாந்தோடு கூட்டத்தில் இருந்தபோது யாதகிரி மறுபடி கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தேன். கடையில் மோட்டார் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே அவர் குரல் கேட்டது. "ரெண்டாம் நம்பர் ரூம் சூடாகுதுன்னு வந்திருக்கு மேடம். நான் போன் பண்ணினா, உனக்கென்ன இங்க வேலைன்னு கேக்குறாங்க. சொல்லட்டுமா, வேண்டாமா?" ஸ்ரீகாந்த்தான் முன்னால் சாய்ந்து, ரொம்ப மரியாதையாக, "சொல்லுங்க யாதகிரி காரு, தயவுசெஞ்சு சொல்லுங்க" என்றார். சரி சார் என்று அவர் போனை வைத்தார். அவர் சொன்னார், அறை தப்பியது. நான் ஸ்ரீகாந்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், இந்தத் தடவையாவது ஏதாவது செய்வார் என்று. அவர் புது டூலைத் திறந்து, நான் 'மிகத் தீவிரம்' என்று போட்டிருந்த முதல் பிழையைத் தேடி எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"மாற்று வழி இருக்குன்னு போட்டு, சாதாரணம்னு மாத்திடுங்க ஹேமா காரு, ஆள் போன் எடுக்கிறார் இல்ல?"

எத்தனையோ டூல்களைப் பார்த்துவிட்டேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: எங்கள் கம்பெனியில் இதுவரை ஒரு தடவைகூட ஏமாற்றாமல் வேலை செய்கிற ஒரே பக் டிராக்கர், நாங்கள் வேலையைவிட்டு அனுப்பவைத்த ஆளின் சட்டைப்பையில் இருக்கிறது.